ஒரு நொடியில் தலைமன்னார்

படுத்திருப்பவரை மெல்ல மெல்ல நிமிர்த்தும் சாய்வு மேசையின் மூன்று பட்டிகளையும் இறுக்கிவிட்டு, "உயர்த்தப் போறன், தலை சுத்தினால் உடனே சொல்லுங்கோ" என்று நான் சொன்னபோதுதான் ஓலைத்தொடுவாய் அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மிஸ், வெளிச்சம் போற வேகத்திலை ஒரு மனுசன் விண்வெளியிலை போனால் உடம்பு தாங்குமோ?"

நான் மன்னாரில் இயன்மருத்துவராக வேலை செய்த காலம் அது. படுக்கையில் கிடந்தவர்களை மீண்டும் எழுந்து நிற்கப் பழக்குவது என் தொழில். அவரை நாங்கள் எல்லோரும் ஊரைச் சொல்லியே அழைப்போம். சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடுகிறவர். ஒருநாள் அவர் கடலடியில் வெகுநேரம் இருந்த பிறகு மனைவியின் தம்பி இறங்கினான், இறங்கியதுமே அவனுக்குக் காற்று வருவது நின்றுபோனது. இடையிடையே தங்கி மெதுவாக மேலே வரவேண்டியவர், அவனை இழுத்துக்கொண்டு ஒரேயடியாக ஏறிவிட்டார். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணனின் இரத்தத்தில் கரைந்திருந்த காற்று குமிழிகளாகி முள்ளந்தண்டைத் தாக்கியது. வேறிடத்தில், காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழிகளைக் கரைக்கும் அறையில் வைத்து உயிரைக் காப்பாற்றி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். கால்களில் உணர்வு கொஞ்சம் திரும்பியிருந்தது, பலம் இல்லை. வாரக்கணக்காகப் படுத்தபடியே கைப்பேசியில் விண்வெளிக் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் நிமிர்ந்து நில்லுங்கோ அண்ணன், பிறகு ரொக்கெட் ஏறலாம்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது. சில ஆள் உயரக் கடலாழத்தை வேகமாகக் கடந்ததால் உடம்பு முறிந்துபோன மனிதர், வேகத்தை உடம்பு தாங்குமா என்று கேட்கிறார். அது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. வெட்கமாக இருந்தது. அன்று தேடித் தேடி வாசித்தேன்.

மறுநாள் மேசையை உயர்த்திக்கொண்டே சொன்னேன்: வேகம் எவ்வளவு என்பது உடம்புக்குத் தெரியாது, வேகம் மாறுவதுதான் தெரியும். திடீரென்று கூட்டினால் இரத்தம் தலையை விட்டு இறங்கிவிடும், மயங்கிப்போவோம்.

"ஓம் மிஸ்," என்றார் உடனே. "ஆழம் என்னை ஒண்டும் செய்யேல்லை. ஏறின வேகம்தான்."

நான் புத்தகத்தில் வாசித்ததை அவர் முதுகில் சுமந்துகொண்டிருந்தார். பூமியில் நிற்கும்போது உணர்கிற பாரம் அளவுக்கு மட்டும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், வெளிச்சத்தின் வேகத்தை நெருங்க ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும் என்றேன்.

"ஒரு வருசமோ? எனக்கு நேரம் கிடக்கு."

அன்று முதல்முறையாக இருவரும் சேர்ந்து சிரித்தோம். ஆனால் அந்த வேகத்தில் வெற்றுவெளியில் மிதக்கும் மிகச் சிறிய அணுக்கள்கூடக் கதிர்களாக உடம்பைத் துளைத்துவிடும், அதைத் தடுக்கும் சுவரை இன்னும் யாரும் செய்யவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர், "இப்ப இந்தப் பூமியிலை நாங்கள் என்ன வேகத்திலை போறம்?" என்று கேட்டார்.

"சூரியனைச் சுத்தி நொடிக்கு முப்பது கிலோமீற்றர்."

"இஞ்சையிருந்து தீவின்ரை மற்ற முனை, தலைமன்னார் மட்டுக்கும்?"

"ஓம். ஒரு நொடியிலை."

ஜன்னலைப் பார்த்தார். வெளியே வேப்பமர இலைகள் அசையாமல் நின்றன. திடீரென்று அவர் முகம் வெளுத்தது, நெற்றி வியர்த்தது. மேசை பாதிகூட நிமிரவில்லை. இரத்த அழுத்தம் சரிந்துவிட்டது. அவசரமாக இறக்கினேன். தீவின் நீளத்தை ஒரு நொடியில் கடப்பதை உணராத உடம்பு, தலையை ஒரு முழம் உயர்த்தியதைத் தாங்கவில்லை. இத்தனை வருடம் உடம்புகளோடு பழகியும் அதை நான் அப்படிக் கண்டதில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உயர்த்தினோம். இப்போது அவர் இரண்டு ஊன்றுகோல்களோடு நடக்கிறார். கடலுக்குப் போவதில்லை, கரையில் கிழிந்த வலைகளைப் பொத்துகிறார். சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில், நட்சத்திரத்துக்குப் போகிறவர்களுக்குச் சுவர் செய்துவிட்டார்களா என்று விசாரித்தார். இல்லை என்றேன். "ஒருநாள் செய்வினம்" என்றார்.

ஆனால் அவரை நினைத்தால் என் கண்முன் வருவது, மேசை முழுவதும் நிமிர்ந்த அந்தக் காலைதான். அவர் மனைவி செபமாலையோடு பக்கத்தில் நின்றார். அக்காவின் கண்ணை எதிர்கொள்ள முடியாமல் அவ்வளவு நாளும் வெளி விறாந்தையிலேயே நின்றுவிட்டுப் போகிற தம்பி, அன்று கதவு வரை வந்திருந்தான்.

"உள்ளை வாடா" என்றார் அண்ணன்.

தம்பி அருகே வந்தான். முகத்துக்கு நேரே முகம் பார்க்க அவன் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"அத்தான்," என்றான், "நீங்கள் என்னைவிட உயரம் எண்டதை மறந்தே போனன்."