மோசேயும் என் வீட்டுக்காரரின் ஆராய்ச்சியும்

இன்று காலை தோசை தீய்ந்துபோனதற்கு ஆபிரகாம்தான் காரணம். கைபேசியில் யாரோ அனுப்பியதை என் வீட்டுக்காரர் அடுப்படி வாசலில் நின்று உரக்கப் படித்தார். "இங்க பாரு, ஆபிரகாம்னா நம்ம அப்பா ராமன்தானாம்லா!" இந்த வியாதி அவருக்குப் புதிதல்ல. வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தது.

அப்போது சுங்கைப் பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை. ரப்பர் பால் வாடை தலைமுடியில் ஏறினால் எந்த ஷாம்புக்கும் போகாது. அந்த வாடையோடுதான் இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டேன். எங்களோடு மோசே என்றொரு மெக்கானிக், தங்கமான பிள்ளை. அவனும் கரங்கான் பக்கத்துத் தோட்டத்துச் செல்வியும் விரும்பினார்கள். செல்வியின் அப்பா ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுப்பவர், வருஷம் தவறாமல் காவடி எடுப்பவர். "அந்தப் பேரே வாயில நுழையல" என்றுவிட்டார்.

சமாதானம் பேச மோசேயோடு நாங்கள் இருவரும் போனோம். வாயைத் திறக்காதீர்கள் என்று என் வீட்டுக்காரரிடம் வழியெல்லாம் கெஞ்சியிருந்தேன். காப்பி வந்ததும் திறந்தார்.

"மாமா, மோசேங்கிறது சுத்தத் தமிழு. முசிறியிலேர்ந்து போன பேரு."

மோசேக்குப் பொறுக்கவில்லை. "இல்லண்ணே, எகிப்து பேரா இருக்கலாம்னு ஃபாதர் சொன்னாரு. அந்தப் பாஷையில பிள்ளைன்னு அர்த்தமாம்."

"ஃபாதருக்கு என்னடா தெரியும்?"

பெண் கேட்கப் போன வீட்டில் கால்மணி நேரம் எகிப்துக்காகச் சண்டை! பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள்.

பெரியவர் எழுந்தார். "தமிழுன்னா நல்லதாப் போச்சு. முனியாண்டின்னு மாத்திக்கச் சொல்லு."

"எங்கம்மா வெச்ச பேருங்க" என்றான் மோசே.

கதவுக்குப் பின்னாலிருந்து செல்வி வந்தாள். "எந்த ஊருப் பேரா இருந்தா என்னப்பா? நான் இவரத்தான் கட்டிக்குவேன்."

பதிவுத் திருமணம் நடந்தது. பெரியவர் வரவில்லை. பேத்தி பிறந்த பிறகுதான், மனசு கேட்காமல், நாங்களும் குழந்தையைப் பார்க்கப் போயிருந்த ஒருநாள் வந்து நின்றார். பேர் என்ன என்றார்.

"ராகேல்" என்றான் மோசே. ஆராய்ச்சிக்கு வாயெடுத்த என் வீட்டுக்காரரின் தொடையை நறுக்கென்று கிள்ளினேன்.

பெரியவர் குழந்தையைக் கையில் வாங்கினார். "ராக்காயியா? எங்க ஆத்தா பேருல்ல?"

யாரும் திருத்தவில்லை. சாகும்வரை அப்படியேதான் கூப்பிட்டார்.

அவர் இருந்த தோட்டத்து வரிசை வீடுகளை, அந்த லயத்தை, இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். ராகேல் இப்போது பினாங்கில் டீச்சர். தீபாவளிக்கு வந்தவள், "ராக்காயின்னு கூப்பிட இப்ப யாருமே இல்ல ஆன்ட்டி" என்றாள். கூப்பிட்டுப் பார்த்தேன். என் வாயில் அது வேறு யாரோ ஒருத்தியின் பெயராக வந்தது.