உடுப்புக் காயப்போட்ட அக்கா

கொட்டாஞ்சேனையில், தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. பல் வைத்தியரிடம் போய்விட்டுத் திரும்பிய நான், மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன். உட்சுவரில் மரத்தில் செதுக்கி அச்செடுத்த ஒரு படம், கதவளவு பெரியது. ஒரு பெண் மீன் வெட்டுகிறாள். கைகளும் பாதி முகமும் மட்டும் வெள்ளை. மற்றதெல்லாம் உளி படாத கறுப்பு. விறைத்துப்போன தாடையோடு அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

அதுவரை நான் லினோ என்ற ரப்பர் போன்ற தகட்டில் செதுக்கி அச்செடுத்த படங்களில் ஒரு விரலளவு இடம்கூடச் சும்மா இருக்காது. வெறுமையாக விட எனக்குப் பயம். வெள்ளவத்தைக்குத் திரும்பியதும், எங்கள் தொடர்மாடியின் கீழ்வீட்டு அக்காவைச் செதுக்கத் தொடங்கினேன். காலையில் கடற்பக்கத்துப் பல்கனியில் அவர் உடுப்புக் காயப்போடுவார். காற்று சேலையைப் பிடித்து இழுக்கும். வாயில் கிளிப்பைக் கவ்வியபடி அவர் அதோடு சண்டை பிடிப்பார். அந்தச் சண்டையை மட்டும் செதுக்கிவிட்டு, சுற்றிலும் கறுப்பை விட்டேன். சமையலறை மேசையில் மை உருட்டி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தேன். ஆறாவது தாளில்தான் கறுப்புத் திட்டுத் திட்டாக இல்லாமல் விழுந்தது.

அடுத்த வருடம் அதே கண்காட்சிக்கு அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள். திறப்பு நாளன்று அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். புதுச்சேலை கட்டி வந்திருந்தார்.

படத்தின் கீழே ஓர் அட்டை ஒட்டியிருந்தது: ‘காணாமல் போன மகனின் உடைகளோடு காத்திருக்கும் தாய்.’

அக்கா இரண்டு தரம் வாசித்தார். “ஆர் காணாமல் போனது? என்ர மகன் தெஹிவளையில எல்லோ இருக்கிறான்?”

கண்காட்சியை நடத்தியவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். அவரும் நம்மவர்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தங்கச்சி, பார்க்க வாறவைக்கு ஒரு கதை வேணும். சும்மா உடுப்புக் காயப்போடுறதை ஆர் நிண்டு பார்ப்பினம்?”

“நான் ‘காற்று’ எண்டு தலைப்புத் தந்தனான். என்னைக் கேக்காமல் ஏன் மாத்தினனீங்கள்?”

“எங்கட சனத்தின்ர வலிதானே. அதில என்ன பிழை?”

வவுனியாவில் இருக்கும் என் பெரியம்மாவின் அலுமாரியில் உண்மையாகவே காணாமல் போன மகனின் இரண்டு சட்டைகள் உண்டு. அவற்றைத் தொட எவரையும் விடமாட்டார். நான் அவரை ஒருநாளும் வரைந்ததில்லை, வரையட்டுமா என்று கேட்டதுமில்லை. இந்த மனிதனோ அந்தத் துக்கத்தை எடுத்து, வருகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காக, இன்னொருத்தியின் படத்தில் ஒட்டிவிட்டு என்ன பிழை என்று கேட்கிறான்.

“படத்தைக் கழட்டப்போறன்,” என்றேன்.

“கழட்டினால் இனி உமக்கு இஞ்ச இடமில்லை.”

அக்கா எங்கேயோ இருந்து ஒரு கதிரையை இழுத்துவந்து சுவரோரம் வைத்தார். “நான் பிடிக்கிறன். நீர் ஏறும்.”

வந்திருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, ஏறிக் கழற்றினேன். அட்டையைக் கண்காட்சி நடத்தியவரின் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். சொன்னபடியே அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் படம் கேட்கவில்லை. நானும் அனுப்பவில்லை.

முச்சக்கர வண்டியில் அக்கா படத்தை மடியில் வைத்திருந்தார். காலிமுகத்திடல் தாண்டும்போது பெரியம்மாவின் அலுமாரியைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

“உம்மட பெரியம்மாவைப் பற்றி அந்தாளிட்டச் சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டார்.

“சொன்னால் அதையும் ஒரு அட்டையில எழுதிப்போடுவார், அக்கா.”