அண்ணாச்சியின் கார்பன் சக்கரங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கரன்கோவிலிலிருந்து சைக்கிளில் கிளம்பும் ஆண்களோடு நானும் போவேன். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் வண்ண உடுப்பு, கறுப்புக் கண்ணாடி, திரும்பி வந்ததும் வயிறு முட்டப் பூரி. தங்கள் தொப்பையின் எடை அவர்களுக்குத் தெரியாது. சைக்கிளின் எடை கிராம் சுத்தமாகத் தெரியும்.

என்னுடையது முதல் சம்பளத்தில் வாங்கிய, விலை குறைந்த ரோடு சைக்கிள். பாலத்து ஏற்றத்தில் நான்தான் கடைசி. மேலே நின்று கைதட்டுவார்கள், நடை பழகும் குழந்தைக்குத் தட்டுவதுபோல. அந்தக் கைதட்டலை நிறுத்தத்தான் வண்டியின் எடையைக் குறைக்க நினைத்தேன்.

கூட்டத்துக்குத் தலைவரான ஜவுளிக்கடை அண்ணாச்சி, தன் கார்பன் சக்கரங்களை விலைக்குத் தருவதாகச் சொன்னார்.

"எம்மா, நீ போட்டிருக்கது மாட்டுவண்டிச் சக்கரம். இத மாட்டு, பறந்துருவ. படிச்ச பிள்ள, சொன்னாப் புரியும்லா?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். 'படிச்ச பிள்ள' என்று சொல்லியே எதையாவது தலையில் கட்டப் பார்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தச் சக்கரத்தை ஒற்றை விரலில் தூக்கியபோது ஆசை வந்துவிட்டது. பக்கவாட்டில் பார்த்தால் ரிம் மட்டும் நாலு விரல் அகலம்.

"ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு" என்றார்.

நூலையும் அரிசியையும் நிறுத்தே பார்த்துப் பழகிய அம்மா சிரித்தாள். "கனமா இருந்தா துட்டு கூட, சரி. கனமில்லாததுக்கு எதுக்குட்டி கூடக் குடுக்க?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரும்மா."

ஆடி பிறந்த முதல் ஞாயிறு அண்ணாச்சி வரவில்லை. கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு விரதமாம். நான் பாலத்தில் இரண்டாவதாக ஏறினேன். யாரும் கைதட்டவில்லை. குருவிகுளம் வரை காற்று முதுகில் தள்ளியது, உண்மையாகவே பறந்தேன்.

அங்கிருந்து திருவேங்கடம் சாலைக்குத் திரும்பியதும் அதே காற்று இடப்பக்கம் அறைந்தது. அகல ரிம் அதை முழுதாக வாங்கிக்கொண்டு என்னை நடுரோட்டுக்கு இழுத்துப்போனது. பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரனை அலறவிட்டது.

"ஏ பிள்ள, ரோடு ஒங்கப்பன் வீட்டுதா?"

இறங்கி உருட்டினேன். தன் அகல ரிம் வண்டியை உருட்டிக்கொண்டு கூட வந்த பேங்க்காரர் சிரித்தார். "அண்ணாச்சியும் இங்கனதான் விழுந்தாரு. பெறவுதான் ஆடி விரதம் புடிச்சாரு."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. காற்றாலை நட்ட பூமியில் அகல ரிம்மை வாங்கிவிட்டு, காற்றுக்குப் பயந்து சாமியைச் சாட்டுகிற வீரர்கள்!

மறுநாள் சக்கரங்களைக் கடையில் கொண்டுபோய் வைத்தேன். விரதக்காரரின் மேசையில் பாதி கடித்த ஆமவடை.

"என்னம்மா, பறந்தியா?"

"பறந்தேன் அண்ணாச்சி. பஸ்ஸுக்கு முன்னால."

"காத்தில்லாத நாளாப் பாத்து ஓட்டணும்மா."

"காத்தில்லாத ஊராப் பாத்து வித்துக்கோங்க."

அடுத்த ஞாயிறு பழைய சக்கரங்களோடு பாலத்தில் மறுபடியும் கடைசியாக ஏறினேன். கைதட்டினார்கள். திருவேங்கடம் சாலையில் அகல ரிம்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நான் அவர்களைத் தாண்டிப் போய் வண்டியை நிறுத்தினேன். அவர்கள் உருட்டிக்கொண்டு வந்து சேரும்வரை கைதட்டினேன்.