வேண்டுமென்றே நீட்டிய ஜெபம்

போன வருடம் ஐப்பசி மழை நேரத்தில் நடந்தது. ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் மாடியில், முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது எனக்கு வேலை. என்னோடு இன்னும் இரண்டு பெண்கள். மூவரில் நான் மட்டும்தான் கிறிஸ்தவள்.

மதியம் கண்ணை மூடி ஜெபம் செய்யாமல் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேன். சாப்பாடு தந்ததற்கு நன்றி, சாப்பாடு இல்லாதவர்களையும் நினைத்தருளும், ஆமென். சின்ன வயதிலிருந்து அதே வார்த்தைகள்தான். வாய்விட்டுத்தான் சொல்வேன். மற்ற இருவரும் மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த மாதம் முள்ளிப்பட்டிலிருந்து ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். நெசவுக் குடும்பம், விரலில் அப்படியொரு வேகம். ஆனால் தினமும் நான் ஜெபம் முடித்துக் கண்ணைத் திறந்தால் அவள் இடம் காலியாக இருக்கும். டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு கீழே போயிருப்பாள். கேட்டால், "பக்கத்துத் தெருவுல எங்க அத்தை கீறாங்கக்கா, அவங்களோட சாப்பிட்டுகினு வரேன்" என்பாள்.

தினமுமா அத்தை வீடு? என் ஜெபம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்கட்டும் என்று ஜெபத்தை வேண்டுமென்றே நீட்டினேன். ஏழைகள், விதவைகள், அநாதைகள், பஞ்சத்தில் வாடும் தேசங்கள் என்று ஒருவரையும் விடவில்லை. பாவம், மற்ற இருவரும் பசியில் நெளிந்தார்கள்.

ஒரு நாள் நடுவிலேயே ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் ஓசைப்படாமல் படி இறங்கிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று, ஆமென்கூடச் சொல்லாமல் பின்னாலேயே போனேன்.

கடைக்குப் பின்பக்கம் குழாயடியில் நின்றிருந்தாள். பாக்ஸ் திறந்திருந்தது. அதில் ஒரு பருக்கை ஒட்டியிருந்த அடையாளம்கூட இல்லை. தண்ணீர் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா" என்றாள். "அவருக்குக் கை உடைஞ்சி தறி நின்னுபோச்சி. ஆக்குறது அவருக்கும் பசங்களுக்குமே சரியாப் பூடுது. நீங்க எல்லாரும் கண்ண மூடிகினு கீறப்பதான் யாருக்கும் தெரியாம எழுந்து வர முடியுது."

பசித்தவர்களுக்காக நான் உருகி உருகி ஜெபித்த நேரத்திலெல்லாம், பசித்த ஒருத்தி என் பக்கத்திலிருந்து எழுந்து போயிருக்கிறாள். அவளைப் போய் மனதுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

என் பாக்ஸைக் கீழே எடுத்து வந்தேன். முதலில் வேண்டாம் என்றாள். "நீ சாப்பிடலன்னா எனக்கும் தொண்டையில எறங்காதும்மா" என்றேன். குழாயடியிலேயே ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம். சாதாரண ரசமும் கத்தரிக்காய்ப் பொரியலும்தான். அன்றைக்குத்தான் அது எவ்வளவு பெரிய ஆசீர்வாதம் என்று தெரிந்தது. மறுநாளிலிருந்து இரண்டு பேருக்குச் சேர்த்தே கட்டினேன்.

பொங்கலுக்குப் பிறகு அவள் வீட்டுத் தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. இப்போது அவள் கொண்டுவரும் காரக்குழம்புக்கு எங்களுக்குள் போட்டி. நான் ஜெபத்தைத் தொடங்கினால், "ஜல்தி முடிங்கக்கா, பசிக்குது" என்று கிண்டல் வேறு செய்கிறாள்.

இன்றும் சாப்பாட்டுக்கு முன் நன்றி சொல்கிறேன், ஆனால் கண்ணைத் திறந்து, உடன் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தை ஒருமுறை பார்த்த பிறகுதான் ஆமென் சொல்ல மனம் வருகிறது.