ராணி குளித்த பீலி

ஸ்பிரிங்வெளி போகும் வழியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே, மலை ஊற்றிலிருந்து பீலிக் குழாயில் தண்ணீர் விழுகிறது. பக்கத்தில், மேலே எழும்பும் புது ஹோட்டல் வைத்த பலகை: 'மேகபுரி நாட்டு ராணி நீராடிய சுனை.' கூடவே அந்த நாட்டின் வரைபடம். மலைகளுக்கெல்லாம் வேறு பெயர்கள். லயம் இருக்கும் இடத்தில் காடு. பெயின்ட் இன்னும் விரலில் ஒட்டுகிறது. பீலியைச் சுற்றி வேலிக்குக் குழி தோண்டியிருக்கிறார்கள்.

குடத்துடன் நிற்கும் பெண் என் கேமராவையே பார்க்கிறார்.

"நீங்களும் ஹோட்டல் ஆளா?"

"இல்லைங்க, பத்திரிகை. இந்த ராணி கதை எப்ப இருந்து?"

"பலகை வந்ததுல இருந்துதாங்க. எங்க லயத்துக்குத் தண்ணி இது ஒண்ணுதான்."

என்னை அவர் நம்பவில்லை. குடத்தைப் பீலிக்கடியில் வைத்துவிட்டு நகராமல் நிற்கிறார்.

"ஒங்க ராணி வந்தா சொல்லுங்க, வரிசையில நிக்கட்டும்."