ஆக்சிலேட்டரில் அண்ணனின் கால்

காலை ஆறு பத்துக்கு நான் வாசலுக்கு வந்தபோது, அண்ணன் காரில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தபடி சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்குத் தர்மபுரியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அம்மா பின்சீட்டில் தயாராக இருந்தார்.

அந்தப் பழைய காரில் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, போன வாரம்தான் கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோல் விடும் இன்ஜெக்ஷன் போட்டிருந்தோம். ஸ்டார்ட் செய்யும்போது முழுக்க மிதித்தால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகாது என்று மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"மிதிக்காதீங்கண்ணா."

"மிதிக்காம எந்த வண்டிடா கெளம்பியிருக்கு? உன் மெக்கானிக்குதான் எதையோ புடுங்கி வுட்டிருக்கான்."

பேட்டரி தீர்ந்தது.

"பின்னாடி போய்த் தள்ளு," என்றார்.

பெட்ரோல் பம்பும் இப்போது பேட்டரியில்தான் ஓடுகிறது, தள்ளினாலும் கிளம்பாது என்று சொல்லிக்கொண்டே மெயின் ரோடு வரைக்கும் தள்ளினேன். அங்கே அம்மா கதவைத் திறந்து இறங்கி, தர்மபுரி பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.