தன் பிரியாவிடைக்குத் தானே மொழிபெயர்ப்பாளர்

சிவராணி வாய் திறந்தால் வருவது பெரும்பாலும் வேறு யாராவது ஒருவருடைய பேச்சுத்தான். மன்னார் நகரில் எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு அவள் சிங்கள - தமிழ் மொழிபெயர்ப்பாளர். நான் கணக்குப் பகுதி. முசலிப் பக்கம் காணிக் கூட்டம் என்றால் அதிகாரி ஒருவர் சிங்களத்தில் கத்துவார், அவளும் அதே சூட்டில் தமிழில் கத்துவாள். சனம் திருப்பிக் கத்தும், அதையும் ஒரு சொல் குறைக்காமல் அந்தப் பக்கம் கொடுப்பாள். பேசுகிறவர் "நான்" என்றால் அவளும் "நான்" என்பாள், அதுதான் தொழில். அவளுடைய சொந்த "நான்" என்ன நினைக்கிறது என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

மலைநாட்டிலிருந்து வந்து நானாட்டான் பக்கம் குடியேறிய குடும்பம் அவளுடையது. அப்பா லெட்சுமணன் வயல்களில் கூலி வேலை. சின்ன வயதில் மலைநாட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய சிங்களம்தான் அவளுக்குச் சோறு போட்டது. அதோடு ஒரு ஸ்கூட்டி, லீசிங்கில் எடுத்தது. தவணை பிசகினால் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஸ்கூட்டி போனால் அடுத்த வேலையும் போனமாதிரித்தான், பஸ்ஸை நம்பிப் போனால் கூட்டம் முடிந்து கதிரை அடுக்கும் நேரத்துக்குத்தான் போய்ச் சேரலாம்.

அவளுக்கு நிரந்தர வேலை இல்லை, ஒரு வருட ஒப்பந்தம். இடையில் நிறுத்துவதென்றால் நிறுவனம் ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் நிறுத்தினால் ஒரு மாதச் சம்பளம் நோட்டீஸ் காசாகக் கொடுக்க வேண்டும். அவளாக விலகினால் ஒன்றும் கிடையாது.

எங்கள் இணைப்பாளர் பரமநாதன் சேரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அவர் மிகவும் நல்லவர். யாருக்கும் ஒரு கெட்ட செய்தி சொல்ல அவருக்கு நா எழாது. மற்றவர்கள் படுகிற பாடெல்லாம் அதனால்தான்.

ஒரு திங்கட்கிழமை அவர் சிவராணியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கொழும்பில காசு குறைச்சுப் போட்டினம். வெள்ளிக்கிழமையோட உங்களை நிப்பாட்டச் சொல்லீட்டினம். எனக்கு மனமே இல்லை."

"நோட்டீஸ் காசு, சேர்?"

"அதுவும் தரமாட்டினமாம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. சனிக்கிழமை வடிவா ஒரு பிரியாவிடை வைப்பம். கேக் என்ன நிறம் வேணும்?"

அவள் நேரே என் மேசைக்கு வந்து, "லீசிங்காரரிட்ட கேக்கைக் காட்டலாமோ அக்கா?" என்றாள்.

சனிக்கிழமை உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தது. பலூன், பட்டீஸ், ரோல்ஸ், மஞ்சள் கேக், பரிசுக்கு ஒரு சுவர் மணிக்கூடு. இடையில் ஒரு கார் வந்து நின்றது. கொழும்பு அலுவலகத்து மேடம் வேறு அலுவலாக மன்னாருக்கு வந்தவர், பிரியாவிடை என்று கேள்விப்பட்டு ஒரு தேநீர்க் கோப்பைச் செட்டோடு இறங்கினார். சேரின் முகம் வெளுத்தது. மேடத்துக்குத் தமிழ் தெரியாது. சேருடைய சிங்களம் சோதனைச் சாவடியில் அடையாள அட்டை காட்டும் அளவுதான்; கொழும்புக்கு ஆங்கிலத்தில் எழுதுவாரே தவிரப் பேச வராது. கூடியிருந்த எல்லோரும் பழக்கதோஷத்தில் சிவராணியைப் பார்த்தோம். அவளும் பழக்கதோஷத்தில் எழுந்து மேடத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

மேடம் சிரித்துச் சிரித்துப் பேசினார். அவர் முடித்ததும் சிவராணி தன் கூட்டக் குரலில் தமிழாக்கினாள்:

"சிவராணி தன் சொந்த விருப்பத்தில் விலகுவதாகப் பரமநாதன் எனக்கு எழுதியிருந்தார். சிவராணிக்குக் கலியாணம் என்றும் கனடா போகிறார் என்றும் அறிந்து மிகவும் சந்தோசப்பட்டேன். இந்தக் கோப்பைகள் புதுத் தம்பதிக்கு."

வெளிக்கள ஆட்கள் இரண்டு பேர் கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். என் வாயில் இருந்த பட்டீஸ் அப்படியே இருந்தது.

அடுத்தது ஏற்புரை. பிரியாவிடை என்றால் போகிறவர் நன்றி சொல்லித்தானே ஆகவேண்டும். சிவராணி ஒவ்வொரு வசனத்தையும் முதலில் தமிழிலும் பிறகு சிங்களத்திலும் சொன்னாள்.

"எனக்குக் கலியாணம் இல்லை. நான் விலகவும் இல்லை. கொழும்பு நிப்பாட்டச் சொன்னதெண்டு சேர் திங்கட்கிழமைதான் சொன்னவர். நோட்டீஸ் காசும் இல்லையாம். கேக்குக்கு நன்றி."

மேடத்தின் சிரிப்பு போய்விட்டது. சேரைப் பார்த்து ஏதோ கேட்டார். சிவராணி சேரின் பக்கம் திரும்பித் தமிழாக்கினாள்:

"ஒரு மாதத்துக்கு முன்பே சிவராணிக்கு நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி நான் உங்களுக்கு அறிவித்தேனே. ஏன் கொடுக்கவில்லை?"

எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த மாதம் முழுக்க மனிதர் அவளைக் காணும்போதெல்லாம் "சாப்பிட்டீங்களோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். நாள் நெருங்கியதும் கொழும்புக்கு ஒரு கதை, அவளுக்கு ஒரு கதை. இரண்டு கதைக்கும் நடுவில் போய்வரக்கூடிய ஒரே ஆள் அவள்தான் என்பதைத்தான் மறந்துவிட்டார்.

சேர் அவள் காதுக்குக் குனிந்தார். "பிள்ளை, இதை விடுங்கோ. பிறகு கதைப்பம்."

அவள் நிமிர்ந்து அதையும் சிங்களத்தில் சொன்னாள். அந்தக் குனிவுகூடக் குரலில் இருந்தது.

அடுத்த கிழமையே ஒரு மாதச் சம்பளம் வந்தது. ஸ்கூட்டி தப்பியது. அதே நாளில் சிவராணியிடமிருந்து என் மேசைக்கு ஒரு பில்லும் வந்தது. பிரியாவிடை நிகழ்வு, மொழிபெயர்ப்பு, அரை நாள்.

அவளுக்கு அழைப்பு எடுத்தேன். "என்னடி இது?"

"ஒப்பந்தம் வெள்ளியோட முடிஞ்சுதுதானே அக்கா. சனிக்கிழமை நான் விருந்தாளி. விருந்தாளியை வேலை வாங்கினால் காசு குடுக்கவேணும்."

பில்லைச் சேரிடம் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு வடிவா பிரியாவிடை வைச்சனாங்கள்" என்று மெல்லச் சொன்னார். உண்மையாகவே நொந்துபோயிருந்தார்.

பிறகு கையெழுத்துப் போட்டார். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு எப்போதுதான் தெரிந்தது?